பெட்டிக்குள் ரவுடிகள்

என் மேசையில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் பெட்டி இருக்கிறது. அதற்கு ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, எனக்கு ஒரு முன்பல் இல்லை. இரண்டும் ஒரே மோதலில் போனவை. பெட்டியின் மேல் மேடத்தின் கையெழுத்தில், இந்தியில், ஒரு சீட்டு. மேடம் போன மாதம் காலமானார். அன்றிலிருந்து என் நாக்கு அந்த ஓட்டையைத் தேடித் தேடிப் போகிறது.

மேடம் மும்பை செம்பூர்த் தமிழர். ரேடியோ அலைகளால் பால்வெளி மண்டலத்தைத் துழாவி, ராட்சச நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களைக் கணக்கெடுப்பவர். நான் அவருடைய டெக்னீஷியன். ராட்சச நட்சத்திரத்துக்கு அவர் வைத்த பெயர் ரவுடி. "பொறக்கும்போதே அடிதடிதான்ப்பா. சுத்தி இருக்கிற வாயுவைப் பொசுக்கி, ஊதித் தள்ளி, கூடப் பொறக்க வேண்டிய தம்பிகளையும் கலைச்சுடுவான். சின்ன வயசுலயே வெடிச்சும் போவான்" என்பார். எல்லாம் தூசிக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலை மட்டும் தூசியைத் தாண்டி வரும். தாராவியில் வளர்ந்த எனக்கு இது உடனே விளங்கியது. தகரத்துக்கு அந்தப் பக்கம் எவன் எவனை மிதிக்கிறான் என்பதை நாங்கள் காதால்தானே பார்த்தோம்?

பல் போன அன்று தொலைநோக்கி நிலையத்திலிருந்து பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அடுத்தவர்களின் பதிவுக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த பிரதியை அழித்துவிட்டார்கள். மேடம் சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறவர். இன்னொரு முறை வானத்தைத் துழாவ அவருக்கு வாய்ப்பு வராது. அவருடைய கடைசிக் கணக்கெடுப்பு முழுவதும் என் தோள்பையில் இருந்தது.

குர்லாவில் ரயிலேறியதும் மேடத்தின் போன். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் தொண்டையைத் திறந்தேன். "பெட்டி எங்கிட்டதான் மேடம். ரவுடிங்க எல்லாம் உள்ளதான் இருக்கானுங்க. அதுல ஒருத்தன் வெடிச்சான்னா அக்கம்பக்கத்துல ஒண்ணும் மிஞ்சாது. செம்பூர் வந்ததும் மாட்டிர வேண்டியதுதான்."

எதிரே நின்றவர் திருநெல்வேலிக்காரர். "ஏலே, பைக்குள்ள என்னல வச்சிருக்க?" என்றவர், நான் வாய் திறக்குமுன், இவனிடம் வெடிகுண்டு இருக்கிறது என்று ரயில்பெட்டி முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கத்தினார்: "பாம்! இஸ்கே பாஸ் பாம் ஹை!"

முதல் அறை காதில் விழுந்தது. பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை கால் செயலிழக்கும். எனக்கு இலக்கணம். இந்தியில் தாரே என்றால் நட்சத்திரங்கள். தார் என்றால் கம்பி. நான் கும்பிட்டுக்கொண்டே அலறினேன்: "பாம் நஹீ பாய்! இஸ்மே ஸிர்ஃப் தார் ஹை! படா படா தார்!" குண்டு இல்லை, பெரிய பெரிய கம்பிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு என்னை அடிக்காதவர்கள், இடம் கிடைக்காதவர்கள் மட்டுமே. முழங்கை விலாவில், செருப்பு முதுகில், குடை எங்கிருந்தோ. ஒருவன் பையைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறிய வாசலுக்கு ஓடினான். பாய்ந்து அவன் கையைக் கடித்தேன். என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல். யாரோ பின்னாலிருந்து உதைக்க, பெட்டியும் என் வாயும் சேர்ந்து வாசல் கம்பியில் மோதின. ரத்தத்தோடு பல்லை விழுங்கிவிட்டேன். பையின் வாரை மட்டும் விடவில்லை.

செம்பூரில் போலீஸ் என்னை இழுத்து இறக்கியபோது, பெட்டிக்காகக் காத்திருந்த மேடம் பிளாட்பாரத்தில் நின்றார். பாதுகாப்பு அதிகாரியைப் போல எல்லோரையும் விலக்கி, பையைத் திறந்து பெட்டியைக் காட்டி, "தார் நஹீ, தாரே!" என்று கத்தினார். திருநெல்வேலிக்காரர் விஷயம் புரிந்ததும் என்னைத்தான் திட்டினார்: "ஏலே கூறுகெட்டவனே, எங்கிட்ட தமிழ்ல சொல்லப்படாதா?"

உண்மைதான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அலுவலகத்தில் வாயில் ஐஸ் துணியோடு நான் கம்பியைச் செருகினேன். டிஸ்க் முனகியது, கரகரத்தது, பிறகு சுழன்றது. திரையில் ஒரு வாயுக் குமிழி எழுந்தது; ரவுடி ஊதிய வேகத்தில் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. "பாரு, இவனுக்கும் ஒரு பல்லு இல்லை" என்றார் மேடம். சிரிக்கவில்லை. மவுஸை விட்டு என் பக்கம் திரும்பினார். "பிளாட்பாரத்துல நான் மொதல்ல பெட்டியத்தான் பாத்தேன், இல்லப்பா?"

"நானும்தான் மேடம்."

எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகுதான் அந்தச் சீட்டை எழுதி ஒட்டினார். நேற்று, அந்தக் குமிழியை இதே பெட்டியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, தொலைந்துபோன பழைய கம்பிக்குப் பதில் வேறொன்று தேடி, பெட்டியோடு கடை கடையாக அலைந்தேன். இந்த மாடலுக்குக் கம்பி வருவதே நின்றுவிட்டதாம். ஒரு கடைக்காரன் சீட்டை உரக்கப் படித்துவிட்டு, "உங்க மேடம் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்று பெட்டியைத் திருப்பித் தந்தான்.

சீட்டில் இருப்பது இதுதான்: "இதில் தாரே மட்டும். தார் இல்லை."