உண்ணாவிரத வருடத்துச் சிவப்பு ஒயின்

மதுக்கடையில் நிற்பவனிடம் எல்லோரும் உண்மையைப் பேசுவார்கள். ஒயின் அலமாரிக்கு முன்னால் நிற்பவனிடம் மட்டும் ஆங்கிலம் பேசுவார்கள். நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். துணிக்கடையோ மருந்துக்கடையோ, நம் எல்லோருடைய கெண்டைக்காலிலும் சுருண்டிருப்பது ஒரே நரம்புதான்.

தண்டனை

முதலில் நான் மறைமலை நகரில் பிரஸ் ஷாப் தொழிலாளி. காருக்குக் கதவுக் கீல் அடிக்கும் கம்பெனி. அங்கே சங்கம் வைத்தேன், வெளியே அனுப்பினார்கள். பிறகு அரசு மதுக்கடையில் விற்பனையாளன் ஆனேன். அங்கும் சங்கம் வைத்தேன். வெளியே அனுப்ப முடியாததால் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். படிப்பு பத்தாவதோடு சரி. மீதி அறிவெல்லாம் துண்டறிக்கை படித்தும் எழுதியும் வந்தது. அதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான்.

கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு மாலுக்குள் இருந்த உயர்தரக் கடைக்கு மாற்றினார்கள். ஏசி இருக்கும், கூட்டம் இருக்காது. பேச ஆளே இல்லாத இடத்தில் என்னை நிறுத்திவிட்டால் சங்கம் தானாக அடங்கும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மூலையில் சிவப்பு ஒயினுக்கென்று ஒரு மர அலமாரி. கிடங்கில் விற்காமல் தேங்கிய பாட்டில்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஒரே ஒயின், ஒரே லேபிள். திராட்சை பறித்த வருடம் மட்டும் பாட்டிலுக்கு பாட்டில் வேறு. மேற்பார்வையாளர் பாஸ்கருக்கு என் மகன் வயது. நல்ல பையன், பயந்த பையன். முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "பொங்கலுக்குள்ள இது விக்கலன்னா இந்த இடத்துல பீர் ஃப்ரிட்ஜ் வருதுண்ணா. உங்கள செய்யூர் பக்கம் தூக்கிடுவாங்க. இப்பவே மேல ஒரு லெட்டர் குடுத்து வைங்க. பணிவா எழுதுங்க, கால் வலின்னு எழுதுங்க."

பழசு

நான் எழுதிய காகிதங்கள் எல்லாம் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்றுதான் முடியும். 'பணிவுடன்' என்று எதையும் தொடங்கியதில்லை. என் வீடு இரும்புலியூரில். அங்கிருந்து செய்யூருக்கு தினமும் பஸ் மாறிப் போய்வர என் முழங்கால் ஒத்துழைக்காது. ஆகவே கடிதம் எழுதக் கூடாது என்றால் ஒயினை விற்றாக வேண்டும். விற்க வேண்டுமென்றால் லேபிளைப் படித்தாக வேண்டும். படித்தேன். லேபிளும் ஒரு துண்டறிக்கைதான். பெருமையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், விஷயத்தைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவார்கள்.

முதலில் மாட்டியவர் சேலையூரில் இருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருப்பதிலேயே பழைய பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பருவம் நன்றாக அமைந்த வருடம், வெயில் சரியாக விழுந்த வருடம் என்று நான் படித்ததையெல்லாம் ஒரு வாயிற்கூட்டத்தில் பேசுவதுபோல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வருடத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பத்திரமாக என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "பால் பாக்கெட்ல நேத்து தேதி இருந்தாலே திருப்பிக் குடுக்கறவன் நான். புது ஸ்டாக் வந்ததும் சொல்லுங்க சார்."

தோல் வாசனை

நானே குடித்துப் பார்க்காமல் அடுத்தவனுக்கு எதைச் சொல்லி விற்பது? கோரிக்கை தெரியாமல் கோஷம் போடுவது மாதிரி ஆகிவிடும். என் வார விடுப்பு நாளில் மூன்று வெவ்வேறு வருடத்து பாட்டில்களை என் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு தசரதன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தசரதன் என்னோடு பிரஸ் ஷாப்பில் இருந்து, என்னோடு வெளியே வந்தவர். குரோம்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊருக்கே பெயர் கொடுத்த பழைய குரோம் தோல் தொழிற்சாலையில் அவருடைய அப்பா வேலை பார்த்தார்.

குடிப்பதற்கு முன் லேபிளைத் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தேன். நாவல் பழம், மிளகு, மரப்பட்டை, பதப்படுத்திய தோல் ஆகியவற்றின் மணம் கொண்டது என்று இருந்தது. தசரதன் எவர்சில்வர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தார். அவர் முகம் மாறியது. அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது வருமே, அதே வாசனைதான் என்றார். பிறகு அவரே சிரித்தார்: "இந்த வாசனையால எங்க தெருவுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னாங்க தோழர். இப்ப அதையே பாட்டில்ல ஊத்தி ஏசில வெக்கறானுங்களா?"

மூன்று டம்ளர்

அன்று மாடியில் இருந்த மூன்றாவது ஆள் ஜோசப், பல்லாவரம். எங்கள் பழைய சங்கத்தின் பொருளாளர். அவருடைய அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பன்னீர் திராட்சையைப் பீங்கான் ஜாடியில் பிசைந்து, கிராம்பு தட்டிப் போட்டு, துணி கட்டி மூடி வைப்பார். அதனால் எங்களுக்குள் ஒயின் விஷயத்தில் ஜோசப் வைத்ததுதான் சட்டம். மிக்சரைத் தொடக் கூடாது, நாக்கு கெட்டுவிடும் என்றார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் வெறும் பன் ஒரு துண்டு. அந்தக் கண்டிப்பு எந்தச் செயற்குழுவிலும் இருந்ததில்லை.

வெள்ளம் வந்த வருடத்துக்கு முதலிடம், நோட்டு செல்லாமல் போன வருடத்துக்கு இரண்டாமிடம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்றாவது பாட்டில், நாங்கள் மதுக்கடை ஊழியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த வருடத்தது. மெலிந்து போய், வாழைப்பூத் துவர்ப்பும் புளிப்புமாக இருந்தது. தசரதன் ஒரு வாயோடு நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பிடித்தது. செங்கல்பட்டு வெயிலில் கிழிந்த சாமியானாவுக்குக் கீழே ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து கிடந்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் அடுத்த பந்தலில் பாடிக்கொண்டே இருந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கூட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். ஜோசப் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தோழர், நீங்க ஒயினக் குடிக்கல, பந்தலக் குடிக்கறீங்க."

வெள்ளம்

ஜோசப் சொன்னதில்தான் எனக்குத் தொழில் பிடிபட்டது. ஆனால் அதை உறுதி செய்தவர்கள் முடிச்சூரில் இருந்து வந்த ஒரு கணவன் மனைவி. கல்யாண நாளுக்கு ஒரு பாட்டில். கணவர் வெள்ளம் வந்த வருடத்தைப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்றார். மனைவி அது மட்டும் வேண்டாம் என்றார். இருவரும் அலமாரி முன்னால் நின்று சண்டை போட்டார்கள். அந்த வருடம் தண்ணீர் ஏறியபோது தெருவே ஒரே மாடியில் இருந்ததாம். அங்கேதான் கணவர் மனைவியை முதலில் பார்த்தாராம். "நீ சப்பாத்தி குடுத்தது ஞாபகம் இல்லையா?" என்றார். "என் சர்டிபிகேட் எல்லாம் மிதந்துட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அந்தம்மா.

நான் குறுக்கே பேசவில்லை. பேச்சுவார்த்தையில் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் அந்தம்மா தானே பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்: "பில் போடுங்கண்ணா. அந்த வருஷத்து மேல எனக்கு இருக்கற கோவத்த இன்னிக்குக் குடிச்சே தீத்துடறேன்."

ஊரடங்கு

அன்றிலிருந்து மிளகு, மரப்பட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். யார் வந்தாலும் ஒரே கேள்வி: உங்களுக்கு எந்த வருஷம் நல்லா இருந்துச்சு? ஆங்கிலம் பேச வந்தவர்கள்கூட அதற்குத் தமிழில்தான் பதில் சொன்னார்கள். மகன் பாஸான வருடம், வீட்டுக்கு மேல்தளம் போட்ட வருடம், மாமியாரோடு சமாதானமான வருடம். அலமாரி வேகமாகக் காலியானது. ஊரடங்கு வருடத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் கார் கம்பெனி சீருடையிலேயே ஒருவர் வந்தார், வருடக்கணக்காக ஷிப்டு மாறி மாறிப் பார்ப்பவர். இருந்த ஊரடங்கு பாட்டில்கள் அத்தனையையும் கூடையில் எடுத்து வைத்தார். நான் பார்த்த பார்வைக்கு அவரே பதில் சொன்னார்: "அந்த ஒரு வருஷந்தான் சார் என் பொண்ணு எங்கூட உக்காந்து மூணு வேளையும் சாப்ட்டா."

கடைசி பாட்டில்

பொங்கல் நெருங்கியபோது அலமாரியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, உண்ணாவிரத வருடம். சம்பளம் வந்ததும் நானே வாங்கிக்கொள்வதாக இருந்தேன். அதற்குள் கோவிலம்பாக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் பந்தலுக்கு வந்து, என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, வருந்துகிறேன் என்று இரண்டு வரி எழுதச் சொன்ன மாவட்ட மேலாளர். எழுத மறுத்ததால் என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பேத்தி பிறந்த வருடத்து பாட்டில் வேண்டும், மருமகன் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். அதே வருடம்.

எடுத்து வைத்தேன். "இது நீங்க என்னை சஸ்பெண்ட் பண்ண வருஷம் சார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், சிரிக்கவில்லை. செய்யூர் விஷயத்தை பாஸ்கர் அவர் காதில் ஏற்கெனவே போட்டிருக்கிறான் போல. இன்னும் தனக்கு மாவட்ட அலுவலகத்தில் மரியாதை இருக்கிறது, ஒரு போன் செய்கிறேன், நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். மறுபடியும் அதே இரண்டு வரி. நான் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றினேன். விலைக்கு இருக்கும் பொருளை விற்பனையாளன் மறுக்கக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறியவன் இல்லை, மாற்றச் சொல்லிக் கேட்டவன். ருசி எப்படி இருக்கும் என்று கேட்டார். புளிக்கும் என்றேன். பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்: "புளிக்கட்டும். உங்க கோஷத்தக் கேட்டுத்தான் எனக்கு அந்த வருஷம் பிரஷர் மாத்திரையே ஆரம்பிச்சுது."

காலி அலமாரி

பொங்கலுக்குள் விற்றுத் தீர்த்துவிட்டேன். மாவட்டத்தில் வேறு எந்தக் கடையும் செய்யாதது. பாஸ்கர் பெருமையாக மேலே தகவல் அனுப்பினான். புதிய ஒயின் வரும் என்று நான் அலமாரியைத் துடைத்து வைத்தேன். வந்தது பீர் ஃப்ரிட்ஜ். கூடவே என் மாறுதல் உத்தரவும். அலமாரியை வெளியே தூக்கும்போது பாஸ்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு தாளை மட்டும் மேஜைமேல் வைத்தான். அதன் பின்பக்கத்தில் நான் அன்றைய கையிருப்பைக் கூட்டிவிட்டுக் கொடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "காலியா கீற அலமாரிக்கு ஆள் எதுக்குன்னு கேக்கறாங்கண்ணா. நான் இன்னா பதில் சொல்றது?"

செய்யூர்

இப்போது செய்யூர் பக்கம்தான் இருக்கிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். கம்பி வலைக்குப் பின்னால் நின்று குவார்ட்டர் கொடுக்கிறேன். கூட்டம் நிறைய. நிர்வாகம் கணக்கில் தவறிவிட்டது, பேச ஆள் கிடைத்துவிட்டது. இங்கே இருக்கும் விற்பனையாளர்கள் மூவரும் இன்று சங்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்த மர அலமாரியை நினைக்காத நாள் இல்லை. ஒருநாள் அந்த ஞாபகத்திலேயே, வலைக்குள் கையை நீட்டிய ஒரு மனிதரிடம் "எந்த வருஷம் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் இருந்த வரிசை மொத்தமும் அமைதியானது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்: "வருஷமாவது மாசமாவது, மூடி நல்லா கீதா பாத்துக் குடு அண்ணா, பஸ்ஸு பூடும்."

தோற்ற வருடத்தைத்தான் என் நாக்கு இன்னும் நல்ல வருடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கு மட்டும் மெமோ கொடுக்க எந்த மேலாளருக்கும் அதிகாரம் இல்லை.