நல்ல காற்று வாங்கக் குடிபோன டிரைவர்

எங்கள் தெருவில் குடியிருந்த பஸ் டிரைவருக்குத் தூக்கத்திலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அவர் குறட்டைக்குத் தெருநாய் ஒதுங்கி வழிவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் நாயைக் கேட்டுக்கொள்ளலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மனிதருக்கு அலுப்புதான்.

அவர் மனைவிக்கு மூச்சிளைப்பு. வீடோ பஸ் நிலையத்தை ஒட்டி. கொடியில் வெள்ளையாகப் போன துணி சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். அந்தப் புகைதான் அவள் நெஞ்சை அடைக்கிறது என்று டிரைவர் முடிவுகட்டி, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் ஒரு வீடு பிடித்தார். வேலைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். நாளெல்லாம் வண்டி ஓட்டியவர், நின்றுகொண்டே வீடு திரும்புவார். அவள் மூச்சு சீரானால் போதும் அவருக்கு.

புது வீட்டில் ஒரு சட்டமும் போட்டார். மதியம் சாப்பிட்டதும் அவள் வாசலில் நாற்காலி போட்டு, நல்ல காற்றை ஆழமாக இழுக்க வேண்டும். வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருக்கும். அவளும் சொன்னபடி இழுப்பாள். சாயங்காலத்துக்குள் நெஞ்சில் விசில் கிளம்பிவிடும். மேகம் மூடிய நாளில் மட்டும் தேவலை.

கோடையில் ஒரு மதியம், மருந்தை உறிஞ்சியும் மூச்சு பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில் ஏற்றிப் போனாள். டிரைவர் காக்கிச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா சொன்னது அவருக்கு முதலில் ஏறவில்லை. வண்டிகளும் ஆலைகளும் விடும் புகை காற்றோடு ஊருக்கு வெளியே நகர்கிறதாம். வழியில் வெயில் அதைச் சமைத்து ஓசோன் ஆக்கிவிடுகிறதாம். வெகு உயரத்தில் இருந்தால் அது நமக்குக் குடை. மூக்கருகே வந்தால் நெஞ்சை அரிக்கும். கண்ணுக்கும் தெரியாது. நடு ஊரில் புதுப்புகையே அதைக் கொஞ்சம் தின்றுவிடும். வெளியே தின்ன ஆளில்லை. மதியத்தில்தான் அதிகம்.

"அப்ப பழைய வீட்டுக்கே போயிடட்டுமா, டாக்டர்?"

"அங்க கரிப்புகை, அதுவும் இவங்களுக்கு ஆகாது. இங்கயே இருங்க. மதியம் ஜன்னலைச் சாத்தி உள்ள இருக்கச் சொல்லுங்க. வெயில் தாழ்ந்ததும் திறங்க. மருந்தை மட்டும் விடாதீங்க."

டிரைவர் கட்டிலருகே உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "நான்தானே உன்னை வாசல்ல உட்கார வெச்சேன்."

"விடுங்க," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஊரே சேர்ந்து விட்ட புகை. உங்க பஸ்ஸோட பங்கும் இருக்கும். உங்களுக்கு முன்னாடியே அது வீட்டுக்கு வந்துடுதே, அந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லையேன்னுதான் எனக்குக் கோவம்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் சிரித்தார்.

அதன்பிறகு மதியங்களில் அவள் சாத்திய அறையில், ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெந்துபோய்க் கிடந்தாள். விசில் குறைந்தது, நிற்கவில்லை. அதே நேரத்தில் டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் என்ஜினை அணைக்கத் தொடங்கினார். டீசல் மிச்சம் பிடித்து மாளிகை கட்டப்போகிறார் என்று கண்டக்டர் கேலி பேசினார். தன் ஒரு வண்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டிரைவருக்கும் தெரியும். முன்னாலும் பின்னாலும் மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டுதான் நின்றன. ஆனாலும் சாவியைத் திருப்பிவிட்டு, பச்சை விழும்வரை ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொள்வார்.