இசிங் எழுதிய பூஜ்யம்

தாகிபான் என்கிற அந்த மீனவ ஊரில் எந்தப் பெண் மாசமாக இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் இசிங்குக்குத் தெரிந்துவிடும். ஞானஸ்நானப் பெயர் ஃபெலிசா. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நீல ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி, குழந்தை எடை பார்க்கிற தராசைத் தோளில் மாட்டி, சேற்றில் செருப்பு சப்பு சப்பென்று அடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிற சுகாதாரப் பணியாளர். பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. காசநோய்க்காரன் மாத்திரையை முழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். வாய் அவளுக்கும் கொஞ்சம் நீளம்தான். "ஆறாவது பிள்ளையா? உங்க வீட்டுல வேற பொழுதுபோக்கே கிடையாதா?" என்று வாசலில் நின்று கத்துவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. புருஷன் எப்போதோ மணிலாப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான், அதைப் பற்றியும் அவளே நக்கலடித்துக்கொள்வாள்.

அவள் நிரப்புகிற ஃபாரத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று அதில் எண் போட வேண்டும். இவ்வளவு பேச்சும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

நாடு முழுக்கப் போதைக்காரர்கள் பட்டியல் எடுத்தார்களே, அந்த வருஷம் இசிங் அதில் இரண்டு பேரைப் போட்டாள். சிகிச்சைக்கென்று சொல்லித்தான் பெயர் கேட்டார்கள், அவளும் நம்பினாள். ஒரே மாதம். முகத்தை மூடிய இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தன் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தான், மற்றவன் சோற்றுத் தட்டின் மேலேயே. சுட்டது யார் என்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லப்போவதும் இல்லை. இசிங் மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எழுந்து வந்தவள் அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் எழுதவில்லை.

பாவம் என்று எழுதிய பூஜ்யம் அது. ஊருக்கும் புரிந்தது. வாய்விட்டு நன்றி சொல்லாவிட்டாலும் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு மீன் தொங்கும்.

பிறகு அந்தப் பூஜ்யத்துக்கு மவுசு வந்துவிட்டது. நாலு வருஷம் தொடர்ந்து பூஜ்யம் காட்டியதற்கு மாகாணத்திலிருந்து சான்றிதழ் கொடுத்தார்கள். ஊர்த்தலைவர் ஆடோர், எல்லாரும் கப்பித்தான் என்றுதான் கூப்பிடுவார்கள், ஊர் நுழைவில் வளைவு கட்டி 'போதையற்ற தாகிபான்' என்று எழுதிவைத்தார். முழுப் பன்றி வறுத்து விருந்து. இசிங்கை மேடையேற்றி, "இந்த அக்கா இல்லேன்னா இந்தப் பேரு நமக்கு ஏது?" என்று பாராட்டினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பெருமை வந்தால் கண் தெரியுமா? மூன்றாவது தெருவில் கருவாடு விற்கிற பெலிங் ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மகளுக்கு முடியல இசிங். ராத்திரி பகலா அந்த ஷாபுதான். எலும்பும் தோலுமா ஆயிட்டா. அவ பேரை எழுதேன், எங்கயாச்சும் சேத்துக்கட்டும்."

"வாயை மூடு பெலிங். ஊரு மானத்தை வாங்காதே. கஞ்சி வச்சுக் குடு, சரியாப் போகும்."

கஞ்சியாம். ஷாபு என்கிற அந்த வெள்ளைப் படிகத்தைப் புகைத்தவளுக்குக் கஞ்சி. சொன்ன வாய்க்கு அடுத்த வருஷமே பதில் கிடைத்தது.

அவளுடைய ஒரே பிள்ளை ரெனான்டே, வீட்டில் நான்டே. இருபத்தாறு வயது, பெரிய படகில் வலை இழுக்கிற வேலை. மூன்று நாள் கண்ணை மூடாமல் இழுக்க வேண்டும், அதற்கு வெறும் சோறு பத்தாது. படகின் மேஸ்திரியே ஷாபுவைக் கையில் வைத்துக் கொடுப்பான். கொடுத்ததைக் கூலியில் பிடித்தும் கொள்வான். முதலில் படகில் மட்டும் இருந்தது, பிறகு கரைக்கும் வந்தது. குக்கர் போயிற்று, மின்விசிறி போயிற்று. ஒருநாள் தராசைக் காணோம். பக்கத்து ஊர் இரும்புக் கடையில் அது கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து இசிங் அவனை விளக்குமாற்றால் வெளுத்தாள். அவன் தடுக்கவே இல்லை.

"அடி. நல்லா அடிம்மா. அடிச்சு முடிச்சுட்டு என்னை எங்கயாச்சும் சேத்துவிடு. என்னால தனியா முடியல."

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. பத்து வயதுக்கு மேல் அவன் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை. இப்போது கேட்டுவிட்டான். எந்தப் பாடு பட்டாவது சிகிச்சை மையத்தில் அவனுக்கு ஒரு படுக்கை வாங்கிவிடுவது என்று அன்றே பஸ் ஏறினாள்.

டவுன் சுகாதார அலுவலகத்தில் நர்ஸ் தெரிந்த பெண்தான். மாதாமாதம் இசிங் கொடுக்கிற ஃபாரத்தை வாங்கிக்கொள்பவள். விஷயத்தைக் கேட்டதும் கம்ப்யூட்டரைத் தட்டினாள், முகம் மாறியது.

"மாகாண மையத்துல படுக்கை கொஞ்சம்தான்க்கா. எந்த ஊர்ல எத்தனை பேருன்னு பாத்துத்தான் பிரிச்சுக் குடுக்கறாங்க. உங்க ஊருக்கு ஒண்ணுகூட இல்ல."

"ஏன் இல்ல? நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?"

நர்ஸ் திரையை அவள் பக்கம் திருப்பினாள். தாகிபான், பூஜ்யம். கீழே வரிசையாகப் பூஜ்யம். "உங்க ஊருக்குன்னு இங்கயே வாரம் ரெண்டு நாள் ஒரு டாக்டர் வந்து பாத்துட்டு இருந்தாரு. ஆளே இல்லைன்னு போன வருஷம் அதையும் நிறுத்திட்டாங்க. நீங்க குடுத்த ஃபாரம்தான்க்கா எல்லாம்."

நர்ஸே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். ஊர்த்தலைவர் 'இந்த ஊரில் இந்த ஆளுக்குச் சிகிச்சை தேவை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவசரக் கணக்கில் ஒரு படுக்கைக்கு எழுதிப் பார்க்கலாம்.

கப்பித்தான் தாளைத் தொடக்கூட இல்லை.

"இன்னும் ரெண்டு வாரத்துல மாகாணத்துலேர்ந்து சரிபார்க்க வர்றாங்க, தெரியுமில்ல? இந்த நேரத்துல நான் இதுல கையெழுத்துப் போட்டா சான்றிதழ் போயிடும்க்கா. ஊரே என்னைக் காறித் துப்பும். உன்னையும் சேத்துத்தான். வருஷா வருஷம் பூஜ்யம் போட்டது யாரு, நானா?"

"என் பிள்ளை செத்துடுவான் கப்பித்தான்."

"ரெண்டு வாரத்துல எவனும் சாக மாட்டான். அவங்க வந்துட்டுப் போகட்டும். மறுநாள் காலைல தாள் உன் வீடு தேடி வரும். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

வீட்டுக்கு வந்து நான்டேயிடம் சொன்னாள். அவனே கொல்லையில் கிடந்த படகுச் சங்கிலியை இழுத்துவந்தான்.

"ரெண்டு வாரம்தானே? கட்டிப் போடு. அவுத்துவிடச் சொல்லி அழுவேன், காலைப் பிடிப்பேன், அசிங்கமா திட்டுவேன். அவுக்காதே."

தூணோடு சேர்த்து அவன் கணுக்காலில் பூட்டினாள். பெற்ற கை செய்கிற வேலையா அது? செய்தாள். முதல் மூன்று நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். எழுந்ததும் சட்டிச் சோற்றையும் தின்றான். அதன் பிறகுதான் கஷ்டம். சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எதுலயுமே ருசி இல்லம்மா. வாழைப்பழம்கூட மண்ணு மாதிரி இருக்கு" என்று அழுவான். சொன்னபடியே திட்டவும் செய்தான். வெளியே பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் சங்கிலிச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். "இசிங் வீட்டுல புதுசா ஏதோ வளக்கறா போலிருக்கே!"

பதினோராவது நாள் அவன் கேட்டான், "அங்க படுக்கைக்குப் பக்கத்துல ஜன்னல் இருக்குமா?" இசிங், "இருக்கும்டா, இல்லாம எப்படி?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

சரிபார்க்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், ஒருவர் கையில் கேமரா. வழக்கம்போல இசிங்தான் வீடு வீடாகக் கூட்டிப் போனாள், கப்பித்தான் கூடவே. எல்லா வாசலிலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில், யாரும் இல்லை. பெலிங்கும் அதைத்தான் சொன்னாள், இசிங்கின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் இசிங்கின் வீடு. கப்பித்தான், "இது நம்ம அக்கா வீடுதான் சார், வாங்க போலாம்" என்று அவர்களைத் திருப்பினார். அப்போது பார்த்து உள்ளே சங்கிலி இழுபட்டது.

"உள்ள யாரு?" என்றார் அதிகாரி.

கப்பித்தான் இசிங்கைப் பார்த்தார். ஒருத்தன் இருக்கிறான் என்றால் கையெழுத்து போச்சு, படுக்கையும் போச்சு, போலீஸ் வந்தாலும் வரும். இல்லையென்றால் நாளைக் காலையில் தாள் வந்துவிடும். ஒரே ஒரு நாள். அவள் வாய் எப்போதும்போல முந்திக்கொண்டது.

"யாரும் இல்ல சார். நாயைக் கட்டிப் போட்டிருக்கேன்."

"கடிக்குமா?"

"குரைக்கவே குரைக்காது சார்" என்றார் கப்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். இசிங்கும் சிரித்தாள்.

அவர்களை அனுப்பிவிட்டு ஓட்டமாக வந்தாள். நான்டே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூங்கில் தட்டிச் சுவர், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

"உனக்காகத்தான்டா சொன்னேன். நாளைக்குக் காலைல..."

"தெரியும்மா" என்றான் அமைதியாக. திட்டியிருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "காலை அவுத்துவிடு. குளிச்சுட்டு வரேன். நாளைக்கு டவுனுக்கு மனுஷனா போக வேணாமா?"

அவிழ்க்காதே என்று அவனே சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்த பிறகு அவன் முகத்துக்கு எதிரே எந்தத் தாயால் முடியாது என்று சொல்ல முடியும்? பூட்டைத் திறந்தாள். சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு போனான். தண்ணீர்க் குழாயைத் தாண்டி, படகுத்துறைக்குப் போனான். மேஸ்திரிக்கு ஓர் ஆள் குறைந்திருந்தது.

கப்பித்தான் சத்தியத்தைக் காப்பாற்றினார், அதைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் கையெழுத்தும் முத்திரையுமாகத் தாள் வந்தது. அதைக் கையில் பிடித்தபடி இசிங் துறைக்கும் வீட்டுக்குமாக ஆறு நாள் அலைந்தாள். ஏழாம் நாள் படகு வந்தது. நான்டே அதில் இல்லை.

"ரெண்டு ஆள் வேலை பாத்தான்க்கா, பொட்டுத் தூக்கம் இல்லாம. நாலாம் நாள் என்ன தோணிச்சோ, வீட்டுக்குப் போறேன்னுட்டுக் குதிச்சுட்டான். தேடினோம்" என்றான் மேஸ்திரி. எவ்வளவு நேரம் தேடினார்கள் என்று அவன் சொல்லவில்லை.

உடல் இல்லாமலே ஒன்பது நாள் ஜெபம் வைத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், வீடு நிறையப் பெண்கள் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தபோது கப்பித்தான் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். தொப்பியைக் கழற்றினார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், இசிங்கின் பக்கத்தில் குனிந்தார்.

"மனசைத் தேத்திக்கக்கா. அப்புறம்... அந்தத் தாளு. இனிமே அது உனக்கு எதுக்கு? என் கையெழுத்து இருக்கு. வெளில போச்சுன்னா சான்றிதழ் நிக்காது."

தாள் இசிங்கின் மடியில்தான் கிடந்தது. அவர் அரிசி மூட்டையைச் சற்று முன்னால் நகர்த்தினார். பெண்கள் ஜெபத்தை நிறுத்தினார்கள். "குடுத்துடு இசிங்" என்றாள் ஒருத்தி. "போனவன் போயிட்டான், ஊரு பேரு எதுக்குக் கெடணும்?" என்றாள் இன்னொருத்தி. வாசலில் மீன் தொங்கவிட்ட அதே பெண்கள்தான்.

இசிங் தலையை நிமிர்த்தினாள். "தரேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தப் படுக்கை உங்க வீட்டுல யாருக்கும் வேணாமா? பெலிங், உன் மகளுக்கு?"

பெலிங் மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல யாரும் இல்ல" என்றாள்.

"நான் சொல்லிக் குடுத்த பாடம்தானே" என்று இசிங் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கப்பித்தான் கையை நீட்டியபடியே இருந்தார். அவள் தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "என் பிள்ளை பேரை ஊர்ல ஒருத்தர் எழுதினது இந்த ஒரு தாள்லதான். தர மாட்டேன். அரிசியை எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் அதோடு டவுனுக்குப் போனாள். நர்ஸுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "வந்துடுச்சா! இத்தனை வருஷத்துல முதல் ஆள்க்கா" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவெனத் தட்டினாள். தாகிபானுக்கு நேரே பூஜ்யம் போய் ஒன்று வந்து நின்றது. திங்கட்கிழமைக்குப் படுக்கையும் கிடைத்துவிட்டது, ஆண்கள் பிரிவில்.

"எங்க, தம்பி வெளில நிக்கறாரா? கைரேகை வைக்கணும், உள்ள வரச் சொல்லுங்க."

நான்டே கடலோடு போனதை இசிங் சொன்னாள்.

நர்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தாள். "உயிரோட இருக்கறவங்களைத்தான்க்கா எண்ணணும்" என்றாள் மெதுவாக.

"அவன் கேட்டான்மா. வாயைத் திறந்து கேட்டான். அதையாவது எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த ஒன்றை அழித்தாள்.