ஹேஸல் கை தூக்கிய ஞாயிறு

ஹேஸல் பிரிம்பிள் அடுப்பில் சட்டியை வைத்து எஞ்சின் ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். பந்தய ஞாயிறுகளில் அந்த வீட்டுச் சமையல் இப்படித்தான் தொடங்கும். சில்லென்று ஊற்றினால் எஞ்சின் முனகுமாம். அதுவும் சாதா எண்ணெய் இல்லை, விளக்கெண்ணெயில் செய்தது. எங்கள் மதுரையில் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துப் புகட்டுகிற அதே சமாச்சாரம், இங்கே இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளுக்குப் போகிறது. பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த கணவர், ஐவர் என்பது அவர் பெயர், முகத்தைச் சுளித்தார்.

"என் முட்டையில வெளக்கெண்ண வாசம் அடிக்குது ஹேஸல்."

"நல்லதுதான், வயிறு சுத்தமாகும். சீக்கிரம் தின்னுட்டு வேன எடு."

ஹேஸலுக்கு அறுபத்து மூன்று வயது. வார நாட்களில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். பின்னால் சத்தம் கூடினால், "இறக்கி விட்டுருவேன், நடந்துதான் வரணும்" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவார். இதுவரை ஒரு பிள்ளையையும் இறக்கியதில்லை. கல்யாணத்தின்போது "ஃபிரிட்ஜ் வேணுமா, ஃபிரேம் வேணுமா?" என்று ஐவர் கேட்டதற்கு, மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடான ஃபிரேம்தான் என்று சொன்னவர். அந்த வருடம் முழுக்கப் பால் ஜன்னல் விளிம்பில்தான் இருந்ததாம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் எஞ்சினை அருமையாகச் செய்தார்கள். அதைச் சுமக்கிற ஃபிரேமைத்தான் கட்டில் கனத்துக்குச் செய்தார்கள். மேடு பள்ளத்தில் பறக்க ஆசைப்பட்டவர்கள் எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தனியாக ஃபிரேம் கட்டுகிறவர்களிடம் போனார்கள். ஹேஸலுடையது அப்படிக் கட்டியது. மெல்லிய குழாய்கள், மேலே நிக்கல் பூச்சு. எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது, குழாய்களுக்குள்ளேயே ஓடும். ஓடி முடித்த பிறகு ஃபிரேம் வெதுவெதுவென்று இருக்கும். மார்ச் மாதக் குளிரில் ஹேஸல் அதைக் கட்டிப் பிடித்துக் குளிர்காய்வார், ஈரக் கையுறையையும் அதன் மேல்தான் போடுவார்.

போன குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் உதிரிப்பாகம் மாற்றினார்கள். ஹேஸலின் வலது முழங்காலை டாக்டர் மாற்றினார். வண்டிக்கு ஐவர் உயரமான பிஸ்டனும் புது கார்புரேட்டரும் போட்டார். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி வண்டிக்கு வலு ஏறியது. ஆனால் அந்த அழுத்தத்தை மீறி அதை உதைத்துக் கிளப்புவது குதிரையிடம் மல்லுக்கு நிற்கிற வேலை ஆகிவிட்டது. உதைக்க வேண்டியதோ புது முழங்கால். பழைய பிஸ்டனையே போட்டுவிடுகிறேன் என்று ஐவர் கெஞ்சிப் பார்த்தார்.

"போட்டுட்டு? மறுபடி அந்த ஆட்டுக்கார நெவில் பின்னாடியே மண்ணத் தின்னுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

இதற்கிடையில் செல்ட்னத்திலிருந்து ஒருவர் வந்து வண்டியை விலைக்குக் கேட்டார். வரவேற்பறையில் விளக்குப் போட்டு நிறுத்தப் போகிறாராம். ஹேஸல் அவரிடம் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஞாயித்துக்கிழம பந்தயத்துக்கு வாங்க. என் காலால நானே கிளப்பலைன்னா நீங்களே ஓட்டிட்டுப் போங்க."

நான் இவர்களுடைய பந்தய க்ளப்பில் கொடி காட்டுகிறவன். வண்டி ஓட்ட வராது, விதி பேச வரும். எங்கள் விதி இது: தொடக்கக் கோட்டில் நிற்கிறவர் தன் வண்டியைத் தானே உதைத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பாவிட்டால் இடது கையைத் தூக்கலாம், நான் கொஞ்ச நேரம் காத்திருப்பேன். அந்தச் சலுகை ஒருவருக்கு ஒரு தடவைதான். அதற்குள் கிளம்பாத வண்டி, நான் கொடியை நீட்டியதும் களத்தை விட்டு வெளியே போக வேண்டும்.

ஹேஸலுக்குப் பக்கத்தில் நெவில் பாப்ஜாய். ஆடு வளர்க்கிறவன், என் வயதுக்காரன், வாய் சும்மா இருக்காது. "ஏம்மா ஹேஸல், இன்னிக்காவது மேட்டுல பறக்கும்போது எங்களுக்கு ஒரு கைய ஆட்டிக் காட்டேன்!"

"எனக்கு ரெண்டு கைக்கும் வேலை இருக்கு. நீதான் சும்மா வச்சிருக்க."

எஞ்சினைக் கிளப்பச் சொல்லிச் சைகை காட்டினேன். வரிசையில் எல்லா வண்டிகளும் உறுமின, ஹேஸலின் வண்டி மட்டும் இருமியது. மறுபடி உதைத்தார். கிக்கர் எதிர்த்து எகிறிக் காலில் அடித்தது. இடது கையைத் தூக்கினார். நான் காத்திருந்தேன். உதைக்கிறார், உதைக்கிறார், உயிர் வரவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் செல்ட்னக்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐவர் ஃபிளாஸ்க்கைப் பிடித்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பாவி மனிதர், பார்க்கத் தெம்பில்லை.

"ஹேஸல், நேரம் முடிஞ்சுது" என்றேன்.

"தெரியுது சாமி. உன் வேலையப் பாரு." கிக்கரிலிருந்து காலை எடுக்காமலேதான் சொன்னார்.

வெளியே போகச் சொல்லிக் கொடியை நீட்டப் போனேன். அப்போது நெவிலின் வண்டி சட்டென்று அடங்கியது. எஞ்சினை அணைக்கிற லீவரில் அவன் விரல் இருந்ததை நான் பார்த்தேன். மறு நொடி அதே இடது கை மேலே போனது.

"ஐயய்யோ, என் வண்டி நின்னு போச்சே!"

"நின்னுச்சா, நிறுத்துனியா?" என்றேன்.

"நானே நிறுத்த எனக்கென்ன கிறுக்கா? கையத் தூக்கியாச்சு, காத்திரு. விதின்னா எல்லாருக்கும் விதிதானே?"

கிறுக்குத்தான். சூடான பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு உடனே கிளப்ப முடியாது என்று அங்கே நின்ற ஆட்டுக்கும் தெரியும். நான் நீட்டப் போன கொடியைத் தாழ்த்தி, மறுபடி எல்லோருக்குமாகக் காத்திருந்தேன்.

ஹேஸல் ஒரு மூச்சு விட்டார். கிக்கரை மெல்ல அழுத்தி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். இந்த முறை முழங்காலை நம்பவில்லை. எழுந்து நின்று, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் போட்டார். வண்டி வெடித்துக் கிளம்பியது. விளக்கெண்ணெய்ப் புகை எங்களை மூடியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கொடியை அப்போதே அசைத்திருப்பேன். ஐவர் திரும்பிப் பார்த்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ அவர் பூட்ஸில் கொட்டிக்கொண்டிருந்தது.

நெவிலின் வண்டிதான் கிளம்பவில்லை. உதைத்தான், திட்டினான், வண்டியின் வம்சத்தையே திட்டினான்.

"என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காத ஹேஸல், போ!"

"யாரு நிக்கிறா?" என்றார் அவர். கொடி விழுந்தது, போயே போய்விட்டார்.

செல்ட்னக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு கார் நிறுத்திய பக்கம் நடந்தார். நெவில் வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, ஐவர் கொடுத்த பன்றிக்கறி ரொட்டியைத் தின்ன ஆரம்பித்தான். எங்களுக்கு எதிரே இருக்கிற மேட்டில் வண்டிகள் தரையை விட்டு எழும்பும். அங்கே ஹேஸல் எந்தக் காலத்திலும் ஹாண்டில்பாரிலிருந்து ஒரு விரலைக்கூட எடுத்ததில்லை.

முதல் சுற்று முடிந்து அவர்தான் முன்னால் வந்தார். மேட்டில் ஏறி வண்டி எழும்பியதும், வைக்கோல் கட்டுப் பக்கமாகத் திரும்பி, வண்டி நின்று போனவர்கள் தூக்குகிற மாதிரியே இடது கையை நேராக மேலே தூக்கினார்.