பொட்டு வைத்த கியர் பெட்டி

என் மாமாவுக்குத் தற்பெருமை கொஞ்சம் அதிகம். எந்த லாரியின் கியர் பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டே கோர்த்துவிடுவேன் என்பார். ஏறக்குறைய உண்மை என்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு சாலையில் இருந்தது அவருடைய பட்டறை. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அங்கே ஒரு வயதான டாக்டர் பழைய இங்கிலாந்து கார் ஒன்றை இரண்டாவது கியரிலேயே உறுமவிட்டு ஓட்டி வந்தார். மேலே கூரை இல்லை, பின்னால் சீட் இல்லை. பாவம், யாரோ அவரிடம் பாதிக் காரை விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது கியர் போட்டால் மேட்டில் அது தானாக நழுவி வந்துவிடும். பெரிய ஊர்களில் இரண்டு பட்டறைக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆகாது என்று கைவிரித்திருந்தார்கள். டாக்டர் இதைச் சொன்னபோது மாமாவின் மூன்று வேலையாட்களும் பக்கத்து லேத்துக்காரரும் சுற்றி நின்றார்கள்.

“ஆயுத பூஜை முடிஞ்ச மூணாம் நாள் வாங்கய்யா. நீங்களே சிறுமலைக்கு ஓட்டிட்டுப் போகலாம். ஏறலைன்னா இந்தத் தொழிலையே விட்டுர்றேன்” என்றார் மாமா.

லேத்துக்காரருக்கு இது போதாதா? மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மாமா பெட்டியைப் பிரித்தார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாகத் தார்ப்பாயில் வைத்து, அதன் மேல் சாக்பீஸால் எண் போடுவார். கோர்க்கும்போது கடைசி எண்ணிலிருந்து திரும்பி வருவார். போனில் படம் எடுத்து வைக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. தேய்ந்த பால்ரஸ் பேரிங்குகளை மாற்றினார். கோர்ப்பது மட்டும் பூஜைக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டார்.

பூஜையன்று காலை, பொரியும் பூசணிக்காயும் வாங்க எல்லோரும் கிளம்பினார்கள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என்னிடம் கொடுத்து, சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னார் மாமா. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றுக்கும் வைத்து முடித்தேன். சந்தனம் மீதி இருந்தது. தார்ப்பாயில் கிடந்தவற்றை மட்டும் விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை. முதலில் வெள்ளை அழுக்கைத் துணியால் துடைத்தேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நிற்பதுபோல உயரவாரியாக அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

திரும்பி வந்த மாமா, பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயருகே வந்து குனிந்தார்.

“என்னத்தா பண்ணி வச்சிருக்க?” என்றார்.

ஓங்கி ஓர் அறை விழும் என்று வேலையாட்கள் நினைத்திருக்க வேண்டும். விழவில்லை. பூஜையில் வைத்த ஸ்பானர்களை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது பட்டறையில் மாறாத வழக்கம். அதனால் பூஜை முடிந்ததும் மாமா வெறுங்கையோடு தார்ப்பாயில் உட்கார்ந்தார். ஒரு சக்கரத்தை எடுப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், பற்களை விரலால் தடவுவார், அதன் ஜோடியைத் தேடுவார். எந்தப் பல் எதோடு உரசித் தேய்ந்தது என்பதை வைத்தே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு “செத்த நேரம்” என்றார். அதையே மூன்று முறை சொன்னார். ஒரு மனிதர் இரும்பை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததை அதற்குப் பிறகு நான் எங்கேயும் கண்டதில்லை.

பொழுது சாயும்போது மூன்றாவது கியரை அச்சோடு பிணைக்கும் வளையமான ஹப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இரண்டு தேய்மானங்கள் இருந்தன. ஒன்று பல வருடத்து ஆழமான தேய்மானம், இன்னொன்று புதிதாக லேசாக விழுந்தது. பழையது பக்கத்துச் சக்கரத்தோடு பொருந்த வேண்டுமானால் ஹப்பைத் திருப்பிப் போட வேண்டும். முன்பு பிரித்த யாரோ அதைத் தலைகீழாகக் கோர்த்திருக்கிறார்கள். நழுவியதற்குக் காரணம் அதுதான். மறுநாள் அதைத் திருப்பிப் போட்டுப் பெட்டியைக் கோர்த்து முடித்தார்.

மூன்றாம் நாள் டாக்டரும் மாமாவும் அந்தப் பாதிக் காரில் சிறுமலைக்குப் போனார்கள். நாங்கள் எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லேத்துக்காரரும் நின்றார். திரும்பி வந்தபோது டாக்டரின் முகத்தில் சின்னப் பையனின் சிரிப்பு.

“ஒரு வளைவுல கூட நழுவலப்பா. அம்புட்டுப் பெரிய பட்டறைக்காரங்க கோட்டை விட்டத நீ எப்படிக் கண்டுபிடிச்ச?”

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். “நானும் கோட்டை விட்டிருப்பேங்கய்யா. வந்த வரிசையிலயே, அதே தப்போடதான் கோர்த்திருப்பேன். இந்தப் புள்ள எல்லாத்தையும் கலச்சு விட்டுச்சு. அதுனாலதான் ஒவ்வொண்ணா உத்துப் பாத்தேன்.”

லேத்துக்காரர் சிரித்தார். டாக்டர் என் கன்னத்தைத் தட்டினார். வெளிநாட்டுக் காரையே நான்தான் சரி செய்தேன் என்று ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டு திரிந்தேன்.

மாமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அது தற்செயலாகக் கிடைத்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அத்தனை பேர் முன்னால், அதுவும் லேத்துக்காரரை வைத்துக்கொண்டு, “நானும் கோட்டை விட்டிருப்பேன்” என்று சொல்ல அவருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டியிருந்திருக்கும். அன்று என் காதில் விழுந்தது என்னைப் பற்றிய பாதி மட்டும்தான்.