ஞாபகத்துக்கு ஒரு பாஸ்ட் பேப்பர்

பாமன்கடைச் சந்தியில் காரை நிறுத்தி, மரக்கறி வாங்கி, பஸ் ஏறி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, வாசலில் நின்ற காரைக் காணவில்லை என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தவன் நான். பொலிஸ்காரர் நல்லவர். என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தேடிப்போய், காரைக் கண்டதும், "அங்கிள் நல்லாத்தான் பூட்டியிருக்கிறார்" என்று சிங்களத்தில் பாராட்டினார். மனைவி பாராட்டவில்லை. கார்த் திறப்பை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இது மறதி நோயா இல்லையா என்று தெரியும்வரை நான் கார் ஓட்டக்கூடாதாம்.

நரம்பு வைத்தியர் கடிதம் எழுதித் தந்தார்: நரம்பு உளவியல் மதிப்பீடு. இந்தப் பெயரைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்பவனுக்கு மிச்சச் சோதனை எதற்கு என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கணித டியூஷன் கொடுத்தவன் நான். பழைய வினாத்தாளை, அதுதான் பாஸ்ட் பேப்பரை, செய்து பாராமல் சோதனைக்குப் போவது எங்கள் பரம்பரையில் இல்லை. மேல்மாடியில் இருக்கும் அண்ணை போன வருடம் இதே சோதனைக்குப் போய் வந்தவர்.

"என்ன கேட்டவை அண்ணை?"

"பதினைஞ்சு சொல்லு வாசிப்பினம். பிறகு திருப்பிக் கேப்பினம்."

"என்னென்ன சொல்லு?"

"ஐஞ்சுதான் ஞாபகம் இருக்கு. எழுதும்."

ஐந்துதான் ஞாபகம் என்பதே அவருடைய ரிசல்ட் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. குடை, தேசிக்காய், கிணறு, கதிரை, புகையிரதம். நாலு நாள் பாடமாக்கினேன்.

சோதனை தெஹிவளையில், ஒரு சின்ன அறையில். ஊசி இல்லை, வயர் இல்லை. ஒரு மேசை, பென்சில், என் மகளைவிட இளைய உளவியலாளர். முதலில் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரித்தார். பத்து நிமிடம் என்றார்கள். நாற்பது நிமிடம் போனது. பிறகு எனக்கு மூன்று மணித்தியாலம், இடையில் ஒரு தேத்தண்ணி. கட்டை அடுக்கினேன், மணிக்கூட்டுப் படம் கீறினேன், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தேன். அந்த வேகத்துக்கு யாரும் கைதட்டவில்லை. ஒரு நிமிடத்தில் மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னார். மாடு, ஆடு, நாய்க்குப் பிறகு நேரே வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குள் போய்விட்டேன்: விளைமீன், பாரை, சூடை, திருக்கை, நண்டு.

"அங்கிள், மிருகம் கேட்டனான்."

"சட்டிக்குள்ள போகுமட்டும் அதுகளும் மிருகம்தானே, பிள்ளை."

பிறகு சொற்களை வாசித்தார். குடையும் இல்லை, தேசிக்காயும் இல்லை. பேப்பரை மாற்றிவிட்டார்களே என்ற கோபத்தில் பாதி காதில் ஏறவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது வாய் தன்பாட்டில் தொடங்கியது: குடை, தேசிக்காய், கிணறு, கதிரை, புகையிரதம்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அங்கிள், இதில ஒண்டும் நான் சொன்னதில்ல."

கேட்காததைக் கேட்டதாகச் சொல்பவன் நோயாளி. களவாகப் பாடமாக்கி வந்தவன் கள்ளன். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

"பிள்ளை, இது முதலே பாடமாக்கினது."

"ஆயத்தம் செய்யவேண்டாம் எண்டு நாங்கள் அனுப்பின கடிதத்தில இருந்ததே."

"இருந்தது. சும்மா ஒரு பேச்சுக்குப் போடுறவை எண்டு நினைச்சன்."

"இதில பாஸ், ஃபெயில் இல்ல அங்கிள். எங்க கஷ்டம் எண்டு பாக்கிறது. நீங்கள் மறைச்சா நான் பிழையான இடத்தில தேடுவன்."

என் மாணவர்களுக்கு நான் ஒருநாளும் சொல்லாத வசனம்.

இரண்டு கிழமை கழித்து வேறு சொற்கள். எட்டுத்தான் வந்தது. விட்டுப்போனவற்றை வேறு சொற்களோடு கலந்து வாசித்தபோது எல்லாவற்றையும் அடையாளம் பிடித்துவிட்டேன். அடுத்த கிழமை மனைவியையும் வைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார். ஞாபகம் உள்ளே கிடக்கிறதாம், எடுக்கத்தான் சுணங்குகிறதாம். நாங்கள் பயந்த நோயின் அடையாளம் இப்போதைக்கு இல்லை. கவனம்தான் அலைகிறது. நான் போடும் நித்திரைக் குளிசை காரணமாக இருக்கலாம், வைத்தியரோடு கதைத்துக் குறைக்கவேண்டும்.

"அப்ப கார்?" என்றாள் மனைவி.

"மூண்டு மாசம் வேண்டாம், அன்ரி. பிறகு பாப்பம்."

காலி வீதியில் பஸ் ஏறினோம். இருக்க இடமில்லை. யாரோ ஒருவரின் பை என் விலாவில் குத்தியது. "மூண்டு மாசம்தானே," என்றாள் மனைவி. "மூண்டு மாசம்தானே," என்றேன் நானும். அதையே மாறிமாறிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்ததில் வெள்ளவத்தையில் இறங்காமல் பம்பலப்பிட்டிவரை போய்விட்டோம். அவள் எந்தக் குளிசையும் போடுகிறவள் அல்ல.