அவசரம் இல்லை என்றேன்

திருப்பதி பஸ் ஷெட்டில் நான் மெக்கானிக். ஆந்திரா தனி மாநிலமான புதிதில், கோதாவரிப் பக்கத்திலிருந்து இன்னொரு மெக்கானிக்காக மாற்றலாகி வந்தார் சுப்பாராவ். அவருக்குத் தமிழ் அரைகுறை. நின்று பேச எனக்கும் பொறுமையில்லை.

ஒருநாள் காலை, மலைக்குப் போகும் பஸ்ஸைக் காட்டி, "பிரேக் பாக்கவா?" என்று கேட்டார். டீ குடிக்கக் கிளம்பிய நான், "அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் பஸ்ஸைக் காணோம்; பிரேக் பார்க்காமலே மலைக்குக் கிளம்பிவிட்டதாம். சுப்பாராவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விரட்டினேன். நல்லவேளை, மலையடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைக்க வண்டியை நிறுத்தியிருந்தார் டிரைவர்.

பிரேக் பார்க்காமல் அனுப்பியதற்குச் சுப்பாராவிடம் கத்தினேன். "நீங்கதானே அவசரம் லேதுன்னீங்க" என்றார் அவர்.

சித்தூர்க்காரரான டிரைவர் சிரித்தார். "தெலுங்குல அவசரம்னா தேவைப்பா. நீ தேவையில்லன்னு சொன்னதா நெனைச்சிக்கினாரு."

இருவரும் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பிரேக்கைச் சரிசெய்தோம்.

இப்போதெல்லாம் நான் சொல்லும் வேலையை அவர் தமிழில் திருப்பிச் சொல்கிறார். அவர் சொல்வதை நான் தெலுங்கில் சொல்கிறேன். பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறோம். என் தெலுங்கைக் கேட்டு ஷெட்டே சிரிக்கிறது. சிரிக்கட்டும். மலைக்குப் போகிற வண்டி பிரேக்கோடு போகிறது.